முட்டைக் கேள்வியும் கம்பாலா டிக்கெட்டும்

1. ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டுமாம்

முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்ட ஒரே காரணத்துக்காக ஒரு மனிதர் என் மேசைமேல் வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

“சிஸ்டர், நான் கரமனை அக்ரஹாரத்துலேருந்து வரேன். எங்காத்துல அந்த வார்த்தையை வாயால சொல்றதே கிடையாது. நீங்க ஆளைப் பாத்துக் கேக்கணுமாக்கும்,” என்றார். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சரியாகச் சொன்னீர்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

எனக்குக் கோபம் மூக்கின்மேல்தான். இருந்தாலும் சிரிப்பு முந்திக்கொண்டது. “சாமி, உக்காருங்க. நான் உங்களுக்குப் பொரிச்சுத் தரப் போறேன்னு சொல்லல்லியே. ஊசி போடுகதுக்கு முன்னால எல்லாருட்டயும் கேக்க வேண்டியது. எங்க சபை ஆயர் வந்தாலும் இதே கேள்விதான், கேட்டியளா,” என்றேன்.

ஆயரிடமே கேட்பேன் என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். உட்கார்ந்தார். பாஸ்போர்ட் மறுபடியும் மேசைக்கு வந்தது.

என் பெயர் ஜெபமணி. பாறசாலைக்காரி. திருவனந்தபுரத்தில் நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்துத் தலை நரைத்து, கடைசி வருடங்களில் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் ஒரு மையத்தில் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் கோழி வளர்க்கிறேன். நர்சிங் படித்துவிட்டு இந்த மாதிரி மையங்களில் சேரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சம்மதித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் என்ற நோய் உண்டு. நம் ஊர் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதாதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது. போதாது. அங்கே போகிறவர் ஊசி போட்டு, மஞ்சள் அட்டை ஒன்றை பாஸ்போர்ட்டோடு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஊர் ஏர்போர்ட்டில் உள்ளே விடமாட்டார்கள். திரும்பி வரும்போது நம் ஊரிலும் லேசில் விடமாட்டார்கள்.

மருந்து பொடியாகக் குப்பியில் வரும். அதில் திரவத்தைக் கலந்தால் ஒரு குப்பியில் பத்துப் பேருக்குப் போடலாம். கலந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும், மிஞ்சினால் குப்பைக்குத்தான். அதனால் வாரத்தில் ஒரு நாள் வைத்து, ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் குப்பியை உடைப்போம். வருகிறவர்கள் பலவிதம். கப்பலில் வேலை பார்க்கிறவர், எண்ணெய்க் கிணற்று எஞ்சினியர், மிஷன் பள்ளிக்குப் போகும் கன்னியாஸ்திரீ, சாலை பஜாரிலிருந்து முந்திரிக்கொட்டை வாங்கப் போகும் வியாபாரி. ஒரு வியாபாரி, தானும் தம்பியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருப்போம், ஊசியைத் தனக்குப் போட்டு அட்டையை மட்டும் இரண்டாகத் தரலாமா என்று கேட்டார். தமாஷுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மனுஷர் தம்பியின் போட்டோவைக் கையோடு கொண்டுவந்திருந்தார்!

நான் அங்கே சேர்ந்த அன்று எனக்கு முன்னால் இருந்த சீனியர் சிஸ்டர் சொன்னது ஒன்றுதான். “ஜெபா, ஊசி குத்துகது யாருக்கும் வரும். யாருக்குக் குத்தப்பிடாதுன்னு தெரியணும், அதாக்கும் இங்க ஜோலி.” இந்தத் தடுப்பு மருந்தைக் கோழி முட்டைக்குள் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். முட்டைக் கேள்வி அதற்காகத்தான்.

2. கேக் செய்த வேலை

வேட்டிக்காரரை அக்ரஹாரத்தில் கிச்சாமி என்று கூப்பிடுவார்கள். கல்யாணச் சமையல்காரர். மனைவி பெயர் லலிதா. உகாண்டா நாட்டில் கம்பாலா என்ற ஊரில் ஒரு சைவ ஹோட்டலுக்குத் தலைமைச் சமையல்காரராகக் கூப்பிட்டிருந்தார்கள். டிக்கெட் வந்தாயிற்று. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்துதான் மஞ்சள் அட்டை செல்லும். அந்தக் கணக்குக்கு அவர் அன்றைக்குப் போட்டால்தான் உண்டு, அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் விமானம் போய்விடும். இவர் வராவிட்டால் வேறொருவரைத் தயாராக வைத்திருப்பதாக ஹோட்டல்காரர் போனிலேயே சொல்லிவிட்டாராம்.

முட்டையைத் தொட்டதே இல்லை என்பவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. வேறு சந்தேகம் ஒன்றும் இல்லையென்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஊசி போட்டு, அரை மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வைப்போம். ஆக கிச்சாமி விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி.

“எதாவது தின்னுட்டு உதடு வீங்குனது, உடம்பு தடிச்சது, மூச்சு முட்டுனது உண்டா சாமி?”

“ஒண்ணும் கிடையாது.”

“ஏன் கிடையாது?” என்றார் லலிதா மாமி. “போன வருஷம் மாடி வீட்டுக் குழந்தை பர்த்டேக்கு கேக் தின்னுட்டு வந்தேளே. உதடு ரெண்டும் வீங்கி, தொண்டையைப் பிடிச்சுண்டு நின்னேளே. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு நான்தானே கொண்டுபோனேன்!”

கிச்சாமி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

“எக்லெஸ் கேக்னு சொல்லித்தான் சிஸ்டர் கொடுத்தா. ஆனா பேக்கரிக்காரன் என்ன போட்டானோ, யார் கண்டா? முட்டைதான் போட்டிருப்பான். இவர் உடம்பு ஏத்துக்கலை. தலைமுறை தலைமுறையா தொடாத உடம்போல்லியோ, பட்டதுமே காட்டிக்கொடுத்துடுத்து,” என்றார் மாமி. சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் லதிகாவைக் கூப்பிட்டேன். டாக்டர் மலையாளி. எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். நல்ல நிதானம். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். கேக் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வீங்கியது, மூச்சு வாங்கியதா, ஆஸ்பத்திரியில் என்ன ஊசி போட்டார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சாமீ, இது தமாஷல்ல கேட்டோ. முட்டை அலர்ஜின்னு சம்சயம் வந்தா நான் இந்த ஊசி தர மாட்டேன். முதல்ல அலர்ஜி பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட்டைக் கண்டுட்டு வாங்க. ரிசல்ட் வரட்டும்.”

“அதுக்குள்ள பிளேன் போயிடுமே டாக்டர்.”

“போகட்டும். உங்க பிராணன் போகாம இருக்கணுமே.”

“ஊசி இந்த ஆளுக்குக் கூடாதுன்னு ஒரு கடுதாசி எழுதித் தாங்கோ. அதைக் காட்டிண்டு போறேன்.”

“கடிதாசி எழுதலாம் சாமீ. ஏர்போர்ட்டில காட்டலாம். அங்க உள்ள கொசுகிட்ட காட்ட முடியுமோ?” என்றார் டாக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிச்சாமிக்கு வரவில்லை. முகம் செத்துப்போயிற்று. பின்னே, “டாக்டர், அது முட்டையினால வந்ததில்லை,” என்று மெல்லச் சொன்னார்.

“எப்படித் தெரியும்?”

வாயைத் திறந்தார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். லலிதா மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கோளேன், எப்படித் தெரியும்?” என்றார் மாமி.

“தெரியாது,” என்றார் கிச்சாமி.

வெளியே ஊசிக்குக் காத்திருந்த ஒன்பது பேரும் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். ஒரு கப்பல்காரர், இப்படியே போனால் கப்பல் தன்னை விட்டுவிட்டுக் கொச்சியைத் தாண்டிவிடும் என்று சத்தமாகப் புலம்பினார். கிச்சாமியை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டுக் குப்பியை உடைத்தோம். ஒன்பது பேருக்கும் போட்டு முடித்தோம். ஒரு டோஸ் மீதி. அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். வராந்தாவில் லலிதா மாமி, பக்கத்துக் கோவிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிச்சாமி தூணில் சாய்ந்து நின்றார்.

3. டபுளா, சிங்கிளா?

மாமியின் தலை கேட்டைத் தாண்டியதுதான் தாமதம். கிச்சாமி உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினார்.

“சிஸ்டர், நீங்க வேதத்துக்காரா, கிறிஸ்தவா. பொய் சொல்லமாட்டேள். ஒண்ணு சொல்றேன், வெளியில போகப்பிடாது.”

“இந்த ரூம்ல சொன்னது டாக்டரைத் தாண்டிப் போகாது. சொல்லுங்க சாமி.”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். மேலே ஃபேனைப் பார்த்தார். “கல்யாண ஆர்டர் வந்தா சாமான் வாங்க சாலை பஜாருக்குப் போவேன். அரிசி, பருப்பு, வெல்லம்னு எல்லாம் வண்டியில ஏத்தி முடிக்கறப்போ இருட்டிடும். பசின்னா பசி, அப்படி ஒரு பசி. அங்க ஒரு தட்டுக்கடை உண்டு...”

தட்டுக்கடை என்றால் சாயங்காலம் தெருவோரத்தில் முளைக்கிற வண்டிக்கடை. கல்லில் என்னென்ன போடுவார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கினாலும் விட்டுவிடுகிற ஆளா நான்?

“தட்டுக்கடையில இட்லியா சாமி தின்னிய?”

“ஆம்லெட்,” என்றார். காதில் விழாத குரலில்.

“டபுளா, சிங்கிளா?”

“டபுள். குருமிளகு கொஞ்சம் தூக்கலா போடச் சொல்வேன்.” சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். காலையில் அந்த வார்த்தையைச் சொன்னதற்குப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற மகராசன்!

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மறுபடி வாடிவிட்டது. “சிரிக்காதேங்கோ சிஸ்டர். எங்க அண்ணாவோட சமையல் கோஷ்டியில நான் ரெண்டாமத்தவன். இருபது வருஷமா அண்ணா உப்பு பார்த்தப்புறம்தான் நான் அடுப்பைக் குறைக்கணும். ஒரு சாம்பார் என் மனசுக்குத் தோணினபடி வச்சதில்லை. கம்பாலாவுல அது என்னோட அடுக்களை. உப்பு நான் பாக்கறதுதான். வாழ்க்கையில ஒரு தடவையாவது அப்படி நிக்கணும்னு ஆசை. இதை லலிதா முன்னால சொன்னேன்னா அவ என்னைப் பாக்கற பார்வையே மாறிடும். அண்ணாவுக்குத் தெரிஞ்சா பாத்திரத்தைத் தொடவிட மாட்டார். சொல்லலைன்னா ஊசி கிடையாது. நான் என்னதான் பண்றது?”

அந்த மனிதர் ஊசி வேண்டுமென்றால் ஆம்லெட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். என் சர்வீஸில் எத்தனையோ பேர் ஊசிக்குப் பயந்து இல்லாத வியாதியை எல்லாம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசி வேண்டுமென்று இப்படித் தவித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது.

“நீங்க ஒண்ணும் பயப்படண்டாம் சாமி. டாக்டருட்ட சொல்லுங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டிய காரியமில்ல,” என்றேன்.

டாக்டர் லதிகா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிக்கவே இல்லை. பெரிய மனசு. “எத்தனை காலமா சாப்பிடுறீங்க சாமீ?”

“கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே.”

“கடைசியா எப்போ?”

“போன வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமையா!” என்றது நான்தான். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஒரு தடவையாவது உதடு வீங்கினது, அரிச்சது உண்டா?”

“ஒரு தும்மல்கூடக் கிடையாது டாக்டர்.”

“அப்போ முட்டை இல்ல. பின்னே அந்த கேக்கில வேற என்ன இருந்தது? சமையல்காரர்தானே, ருசியை யோசிச்சுச் சொல்லுங்க.”

கிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணத்துக்கான சாமான் பட்டியலைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். மைதா, வெண்ணெய், ஏலக்காய் இல்லை, வனிலா, பாலாடை மாதிரி க்ரீம். “மேல பழத் துண்டு வச்சிருந்தான். பச்சையா, நடுவுல கறுப்பு விதையோட, பாக்க வெள்ளரிப் பிஞ்சு மாதிரி. புளிப்பா இருந்தது.”

“கிவி,” என்றார் டாக்டர். “வேற எங்கயாவது சாப்பிட்டது உண்டா?”

“ஒரு ரிசப்ஷன்ல பழம் வெட்டி வச்சிருந்தா. ருசி பாக்க ஒரு துண்டு வாயில போட்டேன். நாக்கெல்லாம் நமநமன்னு அரிச்சுது. சேனைக்கிழங்கு வெட்டின கத்தியால வெட்டிட்டான்னு பழம் வெட்டினவனைத் திட்டிட்டு வந்தேன்.”

டாக்டர் இன்னும் பல கேள்வி கேட்டார். பேப்பரில் கிவி என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். ஊருக்குப் போகுமுன் அதற்கும் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் தோலில் சொட்டு மருந்து வைத்து ஒரு டெஸ்ட் பார்த்தோம். நான் எமர்ஜென்சி ட்ரேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தடிக்கவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்த அந்தக் கடைசி டோஸை எடுத்து அவர் புஜத்தில் போட்டேன்.

ஊசி ஏறும்போது எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். கிச்சாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

4. கூட வந்தவர்

லலிதா மாமி கையில் தேங்காய் மூடியோடு திரும்பி வந்தபோது கிச்சாமி கண்காணிப்பு அறையில் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார். “நல்லா விசாரிச்சோம் மாமீ. அன்னைக்கு வீங்கினது கிவிப் பழத்தால. முட்டையால இல்ல. அதனால ஊசி போட்டாச்சு.”

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அவ்வளவு அடித்துப் பேசியவர். “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சொல்லிட்டாரா?”

“எது மாமி?” என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

“ஆம்லெட்டை.”

நான் மேசையில் இருந்த பேப்பரை அடுக்க ஆரம்பித்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்லவும் அதிகாரம் இல்லை. அடுக்கின பேப்பரையே மறுபடி அடுக்கினேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சிஸ்டர். சாலைக்குப் போய்ட்டு வந்தா சட்டையில மணக்கும். துவைக்கறது நானோல்லியோ? கல்யாணமான புதுசுலேருந்து தெரியும். கேட்டா மனுஷன் கூசிப் போயிடுவாரேன்னு கேக்கலை.”

“பின்னே எதுக்கு மாமி காலம்பற முட்டையாலதான் வீங்கிச்சுன்னு அடிச்சுச் சொன்னிய?”

“முட்டையினாலன்னா இவர் எப்பவோ வீங்கிப் போயிருக்கணுமே!” என்றார் மாமி. அப்புறம் குரல் இறங்கியது. “இவர் என் முன்னால வாயைத் திறக்க மாட்டார்னு தெரியும். டாக்டர் ஊசி வேண்டாம்னுடுவா. பயணம் நின்னுடும். நான் தடுத்தேன்னும் ஆகாது, அவர் தோத்தார்னும் ஆகாது. நீங்க முட்டைன்னு கேட்டதும் அப்படித்தான் தோணித்து.”

எனக்குச் சுறுசுறுவென்று ஏறிவிட்டது. “நல்லாருக்கே மாமி! டாக்டருட்ட பொய்க்காரணம் சொன்னா நாளைக்கு ஒரு ஆபத்துன்னு வரும்போ நாங்க எதை நம்பி வைத்தியம் பாக்கணும்? அந்த மனுஷன் வராந்தாவுல தூணைப் பிடிச்சு நின்ன நிப்பைப் பாத்தியளா?”

“பாத்தேன். அதனாலதான் கோவிலுக்குப் போனேன், பாக்கச் சகிக்காம.” மாமி தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “சிஸ்டர், இவர் ஆயிரம் பேருக்குச் சமைச்சுப் போடுவார். தனக்கு ஜொரம்னா ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டார். போன மழையில டெங்கு வந்து, மூணு கல்யாணம் முடிச்சுட்டுத்தான் ஆத்துல வந்து விழுந்தார். அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். அங்க யார் இருக்கா? ஜொரத்தோட அடுப்பு முன்னால நின்னுண்டே இருந்துட்டு, ஒரு நாள் ஹோட்டல்காரா எனக்குப் போன் பண்ணினா நான் என்ன செய்வேன்? எனக்கு அவர் வேணும் சிஸ்டர். அடுக்களை யாருதா இருந்தா எனக்கென்ன?”

என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஸ்கிரீனிங் பேப்பரில் எத்தனை கேள்வி இருக்கிறது. இந்தப் பயத்துக்கு அதில் ஒரு வரி கிடையாது. மாமிக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், “மாமி, இந்தப் பயம் நல்ல பயமாக்கும். ஆனா இதை வச்சு அவரை நிறுத்தண்டாம். இதை அவர்ட்ட கொடுத்தனுப்புங்க. வாங்க,” என்று கையைப் பிடித்து எழுப்பினேன்.

கண்காணிப்பு அறையில் கிச்சாமி மட்டும்தான் இருந்தார். பயணம் போகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

“சாமி, கவனிச்சுக் கேளுங்க. இந்த ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டுந்தான். மலேரியாவுக்கு இது கேக்காது. அதுக்கு டாக்டர் மாத்திரை எழுதுவாங்க, சொன்னபடி ஒரு வேளை விடாம முழுங்கணும். ராத்திரி கொசுவலை. சாயங்காலமானா முழுக்கை சட்டை, கொசு மருந்து. அடுக்களைல வேர்க்குதுன்னு பனியனோட நிக்கப்பிடாது. தண்ணி காய்ச்சிக் குடிங்க. காய்ச்சல்னு வந்தா அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும். மிளகு கஷாயம் போட்டுக் குடிச்சுட்டு சாம்பார் கிண்டப் போகப்பிடாது.”

“ஆகட்டும் சிஸ்டர்,” என்றார் கிச்சாமி. பயணம் உறுதியான சந்தோஷத்தில் எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்கிற முகம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்போது லலிதா மாமி அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “இங்க பாருங்கோ. அங்க போய் முட்டை சாப்பிடறதுன்னா ஒளிஞ்சு நின்னுண்டு அவசர அவசரமா முழுங்காதேங்கோ. உக்காந்து நிதானமா சாப்பிடுங்கோ.”

கிச்சாமியின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்து, சத்தியமாக நான் சொல்லவில்லை என்று காட்டினேன்.

“சிஸ்டர் சொல்லலை. எனக்குத் தெரியும். எப்பவும் தெரியும்,” என்றார் மாமி. “அதை எங்கிட்ட மறைச்சேள், போகட்டும். ஜொரத்தை மறைச்சுடாதேங்கோ. ஜொரம்னா முதல் போன் எனக்குத்தான்.”

கிச்சாமி குனிந்து பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு மாமியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர் முன்னால் அப்படிச் செய்வது அவருக்கு ஆகாத காரியம். செய்தார். “முதல் போன் உனக்குத்தான்,” என்றார். அந்த ஆகட்டும் வேறு, இது வேறு என்று எனக்குப் பட்டது. அரை மணி முடிந்ததும் மஞ்சள் அட்டையில் சீல் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போய்ச் சில மாதம் கழித்து லலிதா மாமி இனிப்பு அப்பத்தோடு மையத்துக்கு வந்தார். அங்கே மழைக்காலத்தில் கிச்சாமிக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. முதலாளியிடம் சொல்லும் முன்னே மாமிக்குப் போன் போட்டிருக்கிறார். மாமி போனை வைக்காமல் விரட்டியதில் அன்றைக்கே டெஸ்ட் எடுத்து, மலேரியாவென்று தெரிந்து, மருந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார். மாத்திரையை ஒழுங்காக முழுங்கவில்லையாம். அதற்குத் தனியாக ஒரு வாரம் திட்டு நடந்திருக்கிறது.

“அவருக்கு அங்க கஞ்சி வச்சுக் கொடுத்தது பாத்திரம் தேய்க்கற ஒரு அம்மா, சிஸ்டர். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவ பாஷை தெரியாது. நான் போன்ல சொல்றேன், இவர் படுத்துண்டே அவளுக்கு எடுத்துச் சொல்றார். உப்பு ஜாஸ்தின்னு அந்த நெலமையிலயும் குத்தம் சொன்னாராக்கும்,” என்று மாமி சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் உண்டு. பயணம் போகிறவரைத் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேளுங்கள், அது சட்டப்படி உங்கள் வேலை. அவர் வெளியே போனதும் கூட வந்தவரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உங்களுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அதைக் கேட்காமல் ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை. ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், சொல்வார்கள்.